இது என்ன சங்கு? அவசரம்

உப்புக்காற்று: கடற்கரையில் கிடைத்தது. நீளமாக, பளபளவென்று, பழுப்புப் புள்ளிகளோடு இருக்கிறது. சோழி என்கிறான் தம்பி. நாளை மகள் பள்ளிக்கூடத்தில் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும், யாராவது சொல்லுங்கள். படம் இணைப்பில்.

மணல்மேடு: எந்தக் கடற்கரை? எவ்வளவு நீளம்? வாய்ப்பக்கம் தெரிகிற படம் இருக்கிறதா?

அலைவாய்: கூம்புச் சங்கு போலிருக்கிறது. விஷம், கையில் எடுக்காதீர்கள்!

மணல்மேடு: காலி ஓட்டில் விஷம் ஏது? உள்ளே உயிர் இருந்தால்தான் பயம்.

சங்குப்பித்தன்: மறுபடியும் ஒரு முதுகுப் படம். தம்பி, இது ஆலிவ் சங்கு, அதாவது ஆலிவ் காய் போல நீண்டு வழவழப்பாக இருக்கும் வகை, போலத் தெரிகிறது. ஆனால் நிறத்தை வைத்து அதில் இனம் சொல்ல முடியாது, ஒரே இனத்தில் மஞ்சளும் வரும் கறுப்பும் வரும். திருப்பிப் பாருங்கள். நடுத்தூணில், அதாவது வாயின் உள்ஓரமாகத் தெரியும் அச்சில், சாய்வாக மடிப்பு மடிப்பாக இருந்து, மேலே ஓட்டின் சுற்றுகள் சேரும் இடத்தில் மெல்லிய வாய்க்கால் ஓடினால் ஆலிவ். கூம்புச் சங்கில் அந்த மடிப்பு இருக்காது. சோழிக்கு வாயின் இரண்டு பக்கமும் பல். இதெல்லாம் தெரிந்துகொண்டு கேட்டால் எல்லோருக்கும் நல்லது.

நெய்தல்: அந்தப் பளபளப்பு இயற்கையா என்ன? கடையில் பாலிஷ் போட்டு விற்பதாக இருக்கும்.

சங்குப்பித்தன்: இயற்கைதான். உயிரோடு இருக்கும்போது உள்ளே இருக்கும் நத்தையின் காலின் மடல்கள் ஓட்டைப் போர்த்திக்கொண்டே மணலுக்குள் போகும், அதனால் கீறலோ பாசியோ ஏறுவதில்லை.

உப்புக்காற்று: அண்ணே, தூத்துக்குடிப் பக்கம். ஆள்காட்டி விரலில் பாதிக்கு மேல் நீளம். மடிப்பு இருக்கிறது. அடியில் வேறு நிறத்தில் அகலப் பட்டை, உச்சியில் மெழுகு உருகி வழிந்த மாதிரி தடிப்பு.

சங்குப்பித்தன்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கனமாகவும் வயிறு உப்பியும் இருந்தால் ஒலிவா ஜிப்போசா. மெல்லிய ஓடாக, உச்சி கூராக இருந்தால் அகரோனியா நெபுலோசா. இரண்டுமே ஆலிவ் வகைதான், நம் கிழக்குக் கரையில் கிடைப்பவை.

நெய்தல்: அதெல்லாம் சரி, சங்கு பொறுக்குவதே குற்றம் இல்லையா?

மணல்மேடு: எல்லாச் சங்கும் இல்லை. வனவிலங்குச் சட்டப் பட்டியலில் குறிப்பிட்ட சில இனங்கள்தான்.

நெய்தல்: மன்னார் வளைகுடா முழுக்கத் தேசியப் பூங்காதானே?

மணல்மேடு: முழுக்க எங்கே? 1986-இல் அறிவித்தது 21 தீவுகளையும் சுற்றியுள்ள ஆழமில்லாத கடலையும்தான். அங்கே காலி ஓட்டையும் தொடக்கூடாது. ஊர்க் கரை வேறு.

நெய்தல்: எல்லோரும் இப்படி ஆளுக்கொன்று எடுத்தால் துறவி நண்டு எங்கே குடியிருக்கும்?

அலைவாய்: நான் இன்னும் கூம்புச் சங்கு என்றுதான் சொல்வேன்.

உப்புக்காற்று: கனம்தான். ஜிப்போசா என்று எழுதிக் கொடுத்தாயிற்று, நன்றி.