அப்பா எந்தப் பட்டாளத்தில் இருந்தார்? பர்மா என்கிறார்கள், கையில் நம்பர்கூட இல்லை

கடைக்குட்டி:
எல்லாருக்கும் வணக்கம். என் அப்பா இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்தில் இருந்தவர். 1979ல் தவறிவிட்டார். அப்போது எனக்கு இருபது வயது, உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. போன வருடம் அம்மாவும் போன பிறகு அப்பாவின் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தோம். வட்டமான மெடல் ஒன்று, நட்சத்திர மெடல் ஒன்று, இரண்டும் கருத்துப்போய், ரிப்பன் இல்லாமல் கிடந்தன. லாரி பக்கத்தில் அவர் நிற்கிற ஒரு போட்டோ. அப்புறம் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டின் கீழ்ப்பாதி, அதில் 1946 என்ற வருடமும் அங்க அடையாளமும்தான் தெரிகிறது, பெயரும் நம்பரும் யூனிட்டும் இருந்த மேல்பாதியைக் கரையான் தின்றுவிட்டது.

அப்பா பர்மாவில் சண்டை போட்டார், அங்கிருந்து நடந்தே ஊர் வந்தார் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். அம்மா மட்டும், "முழங்கால் அளவுக்குப் பனி கிடக்குமாம், லாரிக்கு அடியிலதான் படுப்பாராம்" என்பாள். தமிழர்தானே, மதராஸ் ரெஜிமென்டாகத்தான் இருக்கும் என்று நாங்களாக நினைத்து ஒரு ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதினோம். ஐந்து மாதம் கழித்து, இந்தப் பெயரில் யாரும் இல்லை என்று ஒரு வரி பதில் வந்தது. இதற்கு மேல் வழி இருக்கிறதா?

ஹவில்தார் பேரன்:
வழி இருக்கிறது ஐயா. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், அந்த மெடல்களைப் புளி போட்டோ பாலிஷ் போட்டோ தேய்த்துவிடாதீர்கள், உங்களுக்கு வேண்டியது அதன் மேல்தான் இருக்கிறது. அந்தப் போருக்குக் கொடுத்த ஸ்டார்கள் எல்லாம் ஒரே அச்சு, ஆறு முனை, நடுவில் ராஜாவின் முத்திரை. அந்த முத்திரையைச் சுற்றி ஆங்கிலத்தில் பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் என்று எது என்பது எழுதியிருக்கும். சாய்வான வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

அடுத்து வட்ட மெடலின் விளிம்பு. ஒரு பக்கம் சிங்கம் இரண்டு தலை டிராகன் மேல் நின்றால் அது வார் மெடல், இந்தியா வரைபடம் இருந்தால் இந்தியா சர்வீஸ் மெடல். இந்தியப் படையினருக்குக் கொடுத்ததில் பெரும்பாலும் விளிம்பிலேயே நம்பர், ரேங்க், பெயர், பிரிவு பொறித்திருப்பார்கள். எங்கள் தாத்தாவுக்கும் ஒரு காகிதம் மிஞ்சவில்லை, விளிம்பை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

ரங்கூன் பேத்தி:
அண்ணா, நடந்து வந்தது உங்கள் அப்பாதான் என்று உறுதியாகத் தெரியுமா? 1942ல் ஜப்பான்காரர்கள் ரங்கூனைப் பிடித்தபோது அங்கிருந்த நம் ஜனங்கள் லட்சக்கணக்கில் காட்டுவழியாகவும் மலைவழியாகவும் நடந்தே வந்தார்கள், வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். என் பாட்டி அப்படி வந்தவள். ஒரே குடும்பத்தில் ஒருவர் பர்மாவிலிருந்து வந்து, இன்னொருவர் பட்டாளத்துக்கும் போயிருந்தால், நாற்பது வருடத்தில் இரண்டு கதையும் கலந்துவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது. பெரியப்பா, சித்தப்பா யாராவது பர்மாவில் இருந்தார்களா என்று விசாரியுங்கள். அம்மா சொன்ன பனியை மட்டும் விட்டுவிடாதீர்கள், அதை யாரும் சும்மா சொல்ல மாட்டார்கள்.

ரிட்டயர்டு கிளார்க்:
ரெக்கார்ட்ஸ் வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு ஆபீஸில் இல்லை என்றால் அந்த ஒரு பிரிவில் இல்லை என்றுதான் அர்த்தம். ஒவ்வொரு படைப்பிரிவும் தன் ஆட்களின் ரெக்கார்டைத் தனித்தனியாக வைத்திருக்கிறது, எல்லாருக்கும் பொதுவாகத் தேடித் தரும் ஒரே இடம் கிடையாது. தமிழர் என்றால் மதராஸ் ரெஜிமென்ட்தான் என்பதும் இல்லை. சாப்பர்ஸ், பயனியர், டிரான்ஸ்போர்ட், ஆர்டனன்ஸ், ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றிலும் நம் ஆட்கள் இருந்தார்கள். பெயரை வைத்துத் தேடுவதும் சிரமம், அன்று ஆள் சேர்த்தவர் காதில் விழுந்தபடி எழுதினார், அப்பா பெயரையும் மகன் பெயரையும் சேர்த்து ஒரே பெயராக எழுதியதெல்லாம் உண்டு. அதனால் நம்பரைக் கண்டுபிடியுங்கள்.

இன்னொன்று, இது ரொம்ப முக்கியம். போர் முடிந்ததும் பென்ஷன் இல்லாமல் அனுப்பப்பட்டவர்களின் சர்வீஸ் காகிதங்கள் 25 வருடம் வரைதான் இருக்கும், அப்புறம் விதிப்படி அழித்துவிடுவார்கள். ஆனால் லாங் ரோல் என்று ஒரு பதிவேடு உண்டு, அதை அழிப்பதில்லை. நம்பர், பெயர், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, காரணம், இவ்வளவுதான் அதில் இருக்கும். நிறைய பேர் "ரெக்கார்டு அழிக்கப்பட்டது" என்ற பதிலைப் பார்த்ததுமே விட்டுவிடுகிறார்கள். கடிதத்திலேயே "லாங் ரோல் விவரம் வேண்டும்" என்று தெளிவாக எழுதுங்கள், இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் நகல் வையுங்கள்.

கடைக்குட்டி:
ஐயா, கை நடுங்கிக்கொண்டே எழுதுகிறேன். ஸ்டாரில் இருப்பது பர்மா இல்லை, இத்தாலி! வட்ட மெடலில் சிங்கம், விளிம்பில் பொடி எழுத்தில் எம்.டி.என் என்று தொடங்கி ஒரு நம்பர், டி.வி.ஆர், அப்பா பெயரும் தாத்தா பெயரும் ஒட்டி ஒரே சொல்லாக, கடைசியில் ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. அக்காவிடம் கேட்டேன், பெரியப்பா ரங்கூனில் அரிசி மில்லில் வேலை பார்த்தவராம், நடந்து வந்தது அவர்தானாம். இத்தனை வருடம் எங்களுக்குத் தெரியவே இல்லை.

ரிட்டயர்டு கிளார்க்:
டி.வி.ஆர் என்றால் டிரைவர். ஆர்.ஐ.ஏ.எஸ்.சி என்றால் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர், படைக்குச் சாமானும் வண்டியும் கொடுத்த பிரிவு, அதுதான் இன்றைய ஏ.எஸ்.சி. பெங்களூரில் இருக்கும் ஏ.எஸ்.சி ரெக்கார்ட்ஸுக்கு எழுதுங்கள். பெயரை விளிம்பில் இருக்கிறபடியே எழுதுங்கள், வீட்டுப் பெயரைக் கீழே தனியாகக் கொடுங்கள்.

ஹவில்தார் பேரன்:
அந்த லாரி போட்டோவில் மட்கார்டிலோ பம்பரிலோ ஏதாவது குறி தெரிகிறதா? சிவப்புக் கழுகு என்றால் 4வது இந்திய டிவிஷன். இத்தாலியில் இருந்தவை 4, 8, 10 மூன்றும்தான், இவற்றில் எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கடைக்குட்டி:
சீட்டுக்கட்டு கிளாவர் மாதிரி மூன்று இருக்கிறது. என் பேரன் சீட்டு விளையாட்டுக்காக வரைந்திருப்பார்கள் என்றான்.

ஹவில்தார் பேரன்:
அது 8வது இந்திய டிவிஷனின் அடையாளம் ஐயா. 1943 செப்டம்பரில் இத்தாலியில் இறங்கியவர்கள், நவம்பரில் சாங்ரோ ஆற்றைக் கடந்தார்கள், அந்தக் குளிர்காலம் முழுக்க மலையிலும் சேற்றிலும் பனியிலும்தான் கழிந்தது, 1944 மே மாதம் காசினோ என்ற ஊரில் நடந்த சண்டையிலும் இருந்தார்கள். அம்மா சொன்ன பனி அங்கேதான். போட்டோவின் பின்பக்கம் கம்பெனி நம்பர் இருந்தால் விடாதீர்கள். இத்தாலியில் இருந்த யூனிட்களின் போர் டைரிகள் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ 170 என்ற வரிசையில் இருக்கின்றன. சாதாரண டிரைவர் பெயர் அதில் வருவது அபூர்வம், ஆனால் அந்தக் கம்பெனி எந்தத் தேதியில் எந்த ஊரில் இருந்தது என்பது நாள்வாரியாக இருக்கும்.

கடைக்குட்டி:
நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். பதில் வந்துவிட்டது. எதிர்பார்த்தபடியே சர்வீஸ் காகிதங்கள் அழிக்கப்பட்டுவிட்டன, ஆனால் லாங் ரோலில் அப்பா இருக்கிறார். 1942 ஜூனில் சேர்ந்திருக்கிறார், 1946ல் ஆள் குறைப்பில் வெளியே வந்திருக்கிறார், நம்பரும் ஊரும் தாலுகாவும் சரியாக இருக்கின்றன. மூன்றே வரிதான், அதை அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன், திரும்பவும் படிக்கச் சொன்னாள். போட்டோவின் பின்னால் பென்சிலில் "ஜி.பி.டி கோய்" (ஜெனரல் பர்ப்பஸ் டிரான்ஸ்போர்ட் கம்பெனி) என்று இருக்கிறது, முன்னால் உள்ள நம்பரில் நடு எண் அழிந்துவிட்டது, 1க்கும் 7க்கும் நடுவில் ஏதோ ஒன்று. 8வது டிவிஷனோடு இருந்த டிரான்ஸ்போர்ட் கம்பெனிகளின் நம்பர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், கியூவுக்கு எழுத அது ஒன்றுதான் பாக்கி.