மெல்பேர்ன் எம்.சி.ஜி. மைதானத்தில் பார்த்த ஸ்கொட் பென்டில்பரி: நம்மவர் மூவரின் அனுபவங்கள்

கொலிங்வூட் அணியின் ஃபுட்டி (அவுஸ்திரேலியக் காற்பந்து) வீரர் பென்டில்பரியைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவர்களுக்கு அவருடைய ஆட்டத்தில் பாதிதான் தெரிந்திருக்கும். கமரா பந்துக்குப் பின்னாலேயே ஓடும். அவரோ பந்து வருவதற்கு முன்னமே வேலையில் பாதியை முடித்திருப்பார்.

மெல்பேர்னுக்கு வந்த புதிதில் இந்த ஃபுட்டி எனக்குப் பிடிபடவே இல்லை. பக்கத்துக்கு 18 பேர், முட்டை வடிவப் பந்து, கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு மைதானம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியாது. வேலையிடத்து நண்பர் ஒருவர், பரம்பரைக் கொலிங்வூட்காரர், "பந்தை விடு, 10ஆம் நம்பரைப் பார்" என்றார். அதுதான் பென்டில்பரியின் நம்பர். அப்படித்தான் இந்த விளையாட்டைப் படித்தேன்.

2025 வரை நடுவர் பந்தை நிலத்தில் அடித்து எழுப்பித்தான் ஆட்டத்தைத் தொடங்குவார். இரண்டு ரக்மேன்களும் (எழும்பும் பந்துக்காகப் பாய்கிற, அணிக்கு ஒரு நெடிய வீரர்) பாய்ந்து தட்டுவார்கள். கீழே அணிக்கு மூன்று மிட்ஃபீல்டர்கள், அதாவது நடுக்கள வீரர்கள், காத்து நிற்பார்கள். பந்து கைக்கு வந்த கணமே ஒருவன் மேலே வந்து விழுவான். தப்ப வாய்ப்பிருந்தும் பந்தோடு அகப்பட்டால் ஃப்ரீ கிக் எதிரணிக்குப் போய்விடும், "போல்!" என்று அரங்கமே கத்தும். அந்தப் பயத்தில் பலபேர் எடுத்த பந்தை எங்காவது உதைத்துத் தள்ளுவார்கள். பென்டில்பரி அந்த நெரிசலுக்குள் நின்று யோசிப்பார். ஒருமுறை என் இருக்கைக்கு நேர் கீழே, ஹேண்ட்போல் (பந்தைக் கையால் குத்திக் கொடுப்பது) கொடுக்கப்போவதுபோல முஷ்டியை ஓங்கினார். பாய்ந்து வந்தவர் அந்தப் பக்கம் சரிந்தார். பந்து இன்னும் இவர் கையில்தான். ஓரடி பின்வாங்கி இடது காலால் ஒரு உதை. தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த சகவீரரின் நெஞ்சில் போய் விழுந்தது. பக்கத்தில் இருந்த எதிரணி ரசிகர்கூடக் கை தட்டினார்.

இது கூடைப்பந்து கொடுத்த கண் என்பது என் எண்ணம். சேல் என்ற ஊரில் பிறந்தவர். அவுஸ்திரேலிய விளையாட்டு நிறுவகத்தில் கூடைப்பந்துக்குக் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு ஃபுட்டிக்கு வந்தார்; அந்த இடம் பட்டி மில்ஸுக்குப் போனது, பின்னாளில் சான் அன்டோனியோ அணியுடன் அமெரிக்கக் கூடைப்பந்தின் என்.பி.ஏ. பட்டம் வென்ற அதே மில்ஸ். 2005 டிராஃப்டில் (புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்வது) கொலிங்வூட் இவரை ஐந்தாவதாக எடுத்தது. 2006இல் முதல் ஆட்டம்.

2024 ஓகஸ்டில் கார்ல்டன் அணிக்கு எதிரான அவருடைய 400ஆவது ஆட்டத்துக்கும் போயிருந்தேன். ஏ.எஃப்.எல். எனும் இந்த ஃபுட்டி லீக்கின் வரலாற்றில் அந்த எண்ணைத் தொட்டவர்கள் அவரோடு சேர்த்து ஆறே பேர். அதுவும் எல்லாரும் வந்து மோதுகிற நடுக்களத்தில்! ஓட்டத்தில் அவரை முந்துகிறவர்கள் எல்லா அணியிலும் இருந்தார்கள். வேகத்தை நம்பி ஆடியிருந்தால் முப்பது வயதிலேயே முடிந்திருக்கும்.

* * *

மேலே எழுதிய அண்ணா சொன்ன அந்த "நின்று யோசிக்கிறது" எங்க வீட்டிலும் தினம் நடக்கிற பேச்சு. என் பையன் உள்ளூர் ஜூனியர் டீமில் ஆடுகிறான். பந்து கையில் வந்ததும் பதற்றத்தில் கண்ணை மூடிக்கொண்டு உதைப்பான். அவன் கோச் திட்டவே மாட்டார். "பென்டில்ஸ் இருந்தா இப்ப என்ன பண்ணியிருப்பாரு?" என்று மட்டும் கேட்பார். போன சீசனில் ஒரு மேட்சில் பையன் பந்தை எடுத்தான், தலையைத் தூக்கினான், இடது பக்கம் தனியாக நின்ற குட்டிப் பையனுக்குக் கையால் தட்டிக் கொடுத்தான். அந்தப் பையனுக்கு அன்றைக்கு முழுக்க வந்த ஒரே பந்து அதுதான். நான் கோட்டுக்கு வெளியே நின்று கத்தின கத்தலில் தொண்டை கட்டிவிட்டது. பென்டில்பரியை நான் நேரில் சந்தித்ததில்லை. ஆனாலும் அவருக்கு நன்றி சொல்லணும்.

* * *

2023 கிராண்ட் ஃபைனலில் இருந்த 1,00,024 பேரில் நானும் ஒருவன். எங்கள் கொலிங்வூட் பிரிஸ்பேன் லயன்ஸை 4 புள்ளியால் வென்றது, 90க்கு 86. எல்லாரும் எங்கள் அணியின் பொபி ஹில் போட்ட நான்கு கோலைப் பற்றித்தான் பேசுவார்கள், அது நியாயமும்தான். கடைசிக் கால்பகுதியில் நான் பார்த்துக்கொண்டிருந்தது 35 வயது பென்டில்பரியை. பந்து மறுகரையில் இருக்கும்போதும் அவர் கை ஓயாது. நீ உள்ளே வா, நீ அங்கே போய் நில் என்று காட்டிக்கொண்டே இருந்தார். தம்பிமாரும் சொன்ன இடத்தில் போய் நின்றார்கள்.

2010இல் சென். கில்டா அணியோடு 68–68 என்று சமமாகி, அடுத்த கிழமை திரும்ப ஆடி 56 புள்ளியால் வென்ற இறுதியாட்டத்தில் சிறந்த வீரருக்கான நோர்ம் ஸ்மித் பதக்கம் அவருக்குத்தான் கிடைத்தது. அப்போது வயது 22. அந்த அணியில் இருந்து 2023இலும் கொலிங்வூட்டுக்காகப் பட்டம் வென்றவர்கள் அவரும் ஸ்டீல் சைட்பொட்டமும் மட்டும்தான். அந்த 2023இல்தான் ரொபர்ட் ஹார்வியின் டிஸ்போசல் சாதனையையும் தாண்டினார். லீக்கில் வேறு எவரும் அத்தனை தடவை பந்தை உதைத்தோ கையால் தட்டியோ கொடுத்ததில்லை. பருவத்தின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் மட்டும் ஏனோ அவர் பக்கம் வரவில்லை.

ஒரு குறை எனக்கு உண்டு. 2014 முதல் 2022 வரை அவர்தான் அணித் தலைவர். 2018 இறுதியாட்டம் வெஸ்ட் கோஸ்டிடம் 5 புள்ளியால் கை நழுவியது. 2023 தொடங்கமுன் பொறுப்பைச் சகவீரர் டார்சி மூரிடம் கொடுத்துவிட்டார். கிண்ணத்தை அன்று மூர்தான் தூக்கினார். மூரில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அந்தக் கிண்ணத்தைத் தலைவனாக ஒருதரமாவது பென்டில்பரி தூக்கியிருக்க வேண்டும்.