மறு: ஏர்-ஃப்யூவல் ரேஷியோ மீட்டருக்கு என்ன சொல்?

> ‘காற்று-எரிபொருள் விகிதமானி’ போதுமே. பொருள் தெளிவாக இருக்கிறது.

ஐயா, வணக்கம்.

பொருள் தெளிவுதான். ஆனால் எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் எந்த விகிதத்தில் கலந்தன என்று காட்டும் அந்தக் கருவி, விகிதத்தை அளப்பதில்லை. புகைக்குழாயில் மாட்டிய உணரி, எரிந்த புகையில் ஆக்சிஜன் மிஞ்சியதா, பற்றாமல் போனதா என்று பார்க்கிறது. அதிலிருந்து வருவது லாம்டா: தேவையான காற்று சரியாக இருந்தால் 1, பற்றாவிட்டால் குறைவு, மிஞ்சினால் கூடுதல். முகப்பில் ஓடும் விகிதம், பெரும்பாலான மீட்டர்களில், லாம்டாவை 14.7ஆல் பெருக்கிய எண்.

14.7 எத்தனால் இல்லாத பெட்ரோலின் கணக்கு: எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. 20 விழுக்காடு எத்தனால் கலந்ததற்குச் சரியான விகிதம் ஏறக்குறைய 13.5. ‘விகிதமானி’ என்ற பெயரை நம்பி, முகப்பில் 13.5 வரும்வரை கார்புரேட்டரைத் திருப்பினால் லாம்டா 0.92 ஆகிவிடும், கலவை தேவையில்லாமல் ரிச், அதாவது பெட்ரோல் மிகை. முகப்பில் 14.7 வந்தால்தான் உண்மை விகிதம் 13.5.

பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இது உடனே கைக்கு வரும் கணக்கு. எத்தனால் கலந்ததை ஊற்றினாலும், ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) வழியே போகும் எரிபொருள் ஏறக்குறைய அதே அளவுதான், ஆனால் அதற்கு வேண்டிய காற்று குறைந்துவிட்டது. ஆகவே லாம்டா சுமார் 8 விழுக்காடு ஏறி, கலவை லீன் ஆகிறது, அதாவது காற்று மிகுந்து பெட்ரோல் குறைகிறது. துளையின் பரப்பை 8 விழுக்காடு கூட்ட வேண்டும். விட்டத்தில் அது 4 விழுக்காடு. துளையின் விட்டத்தையே ஜெட் எண்ணாகக் கொண்ட சோலக்ஸ் கார்புரேட்டரில் 125 மெயின் ஜெட் இருந்தால் 130 போட்டுப் பார்க்கலாம்.

எனவே லாம்டாவுக்குக் ‘காற்றுப் போதுமை’, கருவிக்குப் ‘போதுமைமானி’ என்பது என் முன்மொழிவு. ‘வைட்பேண்ட்’ என்ற உணரி வகையை ‘அகலப்பட்டை’ என்று எழுத வேண்டாம். படிப்பவர் இணைய இணைப்பை நினைப்பார். இங்கே அகலமாக இருப்பது அளக்கும் வீச்சு. அதற்கு ‘அகலவீச்சு உணரி’, நேரோபேண்ட் வகைக்குக் ‘குறுவீச்சு உணரி’ சரியாக வரும். குறுவீச்சு உணரியின் மின்னழுத்தம் லாம்டா 1க்கு அருகில் 0.1 வோல்ட்டிலிருந்து 0.9க்குத் தாவிவிடும், முழு திராட்டிலில் வேண்டிய லாம்டா 0.85–0.88ஐ அது பிரித்துச் சொல்லாது. வாங்குபவர் பணத்தை இழப்பது இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான்.

---

பதில்: ‘காற்றுப் போதுமை’யை ஏற்கிறேன். ‘போதுமைமானி’ தனியாக நின்றால் எதன் போதுமை என்ற கேள்வி எழும். பட்டறையில் ‘மிக்ஸ்சர்’ என்றுதான் பேசுகிறார்கள். அதையொட்டி ‘கலவைமானி’ என்றால் கேட்டதும் பிடிபடும். ‘அகலவீச்சுக் கலவைமானி’ என்று சேர்த்தும் சொல்லலாம்.

விளக்கக் குறிப்பில் ஒன்று கட்டாயம் வேண்டும்: உணரி ஆக்சிஜனைப் பார்ப்பதால், உணரிக்கு முன்னால் புகைக்குழாயில் சிறு ஓட்டை இருந்தாலும், பிளக் ஒன்று மிஸ் ஆனாலும், மீட்டர் லீன் என்றே காட்டும். அதை நம்பி ஜெட்டைப் பெரிதாக்கினால் பிளக் கரிபிடிக்கும். முதலில் மேனிஃபோல்டு கேஸ்கெட்டையும் (புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தின் அடைப்பான்) பிளக்குகளையும் பார்க்கட்டும்.

உணரியைப் படுக்கையாக மாட்டக் கூடாது. கிடைமட்டத்திலிருந்து 10 பாகையாவது மேல்நோக்கி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேங்கிய நீர் பட்டு, சூடான செராமிக் விரிசல் விடும். மீட்டருக்கு மின்சாரம் கொடுக்காமல் உணரியை மட்டும் மாட்டி வண்டியை ஓட்டினாலும் கரி படிந்து கெட்டுவிடும்.

ரிச், லீன் இரண்டுக்கும் ‘செறிந்த’, ‘மெலிந்த’ என்று எழுதுகிறோம். ‘செறிவு’ வேதியியலில் வேறொன்றுக்குப் போய்விட்டதால் ‘கொழுங்கலவை’, ‘மெலிகலவை’ என்று வைத்தால் என்ன?