மறு: ‘ஸ்டிஃப்’ சமன்பாடு – கடினமா, இறுக்கமா, விறைப்பா?

அனைவருக்கும் வணக்கம். நம் கலைச்சொல் தொகுப்பில் ‘stiff differential equation’ என்பதற்கு எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்ற விவாதத்துக்கு என் பதில் இது. விடை வழவழப்பாக இருந்தும், கணினியில் தீர்க்கும்போது சில முறைகளை மிகச் சிறு படிகளில் போகவைக்கும் சமன்பாடு அது.

‘கடினச் சமன்பாடு’ வேண்டாம். மாணவருக்கு எல்லா வகைக்கெழுச் சமன்பாடும் கடினம்தான். தேர்வுத்தாளில் அப்படிக் கேட்டால் சிரிப்பார்கள்.

> ‘பல்காலச் சமன்பாடு’ என்றே வைக்கலாமே. வேகமும் மெதுவும் கலந்தது என்று உடனே விளங்கும்.

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வியாழனையும் அதன் நிலா அயோவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அயோ வியாழனைச் சுற்ற 1.77 நாள்; வியாழன் சூரியனைச் சுற்றக் கிட்டத்தட்ட 12 ஆண்டு. கால அளவுகள் எவ்வளவோ விலகியிருக்கின்றன, ஆனாலும் நாம் பேசுகிற வகை இது இல்லை. அயோவின் வேகமான சுழற்சி ஓய்வதே இல்லை, அதைப் பின்தொடர வேண்டுமானால் சிறு படிகளில்தான் போயாக வேண்டும்.

நம் சிக்கல் வேறு. ஒரு மெல்லிய கம்பியின் வெப்பநிலை, சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலையை நோக்கி நொடிக்கு, அப்போதுள்ள வேறுபாட்டைப் போல் 1000 மடங்கு என்ற வீதத்தில் நெருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று மெல்லத்தான் சூடாகிறது. சில மில்லிநொடிகளில் கம்பி காற்றோடு ஒட்டிக்கொண்டுவிடும். அதன்பின் விடை வழவழப்பான ஒரு கோடு. ஆனால் சாதாரண ஆய்லர் முறையில் (படியின் தொடக்கத்தில் உள்ள மாறுவீதத்தை வைத்து அடுத்த மதிப்பைக் கணிப்பது) படி 0.002 நொடியைத் தாண்டினால் கணக்கு வெடிக்கும். 0.01 எடுத்தால் ஒவ்வொரு படியிலும் பிழை −9 ஆல் பெருகும். பத்தே படிகளில் ஏறத்தாழ 350 கோடி மடங்கு. எப்போதோ செத்துப்போன வேகக்கூறு நம் படி நீளத்தை இன்னும் ஆட்டிவைக்கிறது! அதே 0.01 படியோடு பின்னோக்கு ஆய்லரில் (படியின் முடிவில் உள்ள மாறுவீதத்தை வைத்துக் கணிப்பது) பிழை ஒவ்வொரு முறையும் பதினொன்றில் ஒன்றாகச் சுருங்கும். ‘பல்காலம்’ என்ற பெயரில் இந்த முரண் எங்கே தெரிகிறது? பாதி வரையறையைப் பெயருக்குள் திணித்தால் மீதிப் பாதி தவறாகவே புரியும்.

‘இறுக்கம்’ பற்றி: 1952இல் கர்ட்டிஸும் ஹிர்ஷ்ஃபெல்டரும் வேதிவினை வேகக் கணக்குகளுக்காக ‘ஸ்டிஃப்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். இயக்கும் உறுப்பும் இயங்கும் உறுப்பும் இறுகப் பிணைந்த கருவிகளை ஒட்டி வந்த பெயர் என்றும் விளக்கம் உண்டு. அந்த வகையில் ‘இறுக்கம்’ நியாயமான போட்டியாளர். ஆனால் ‘இறுக்கமான நிபந்தனை’, ‘இறுக்கமான வரம்பு’ என்று கணிதத்திலேயே அதை வேறு பொருளில் செலவழித்துவிட்டோமே.

ஆகவே என் வாக்கு ‘விறைப்பு’. சுருள்வில்லுக்கும் உத்தரத்துக்கும் பொறியாளர்கள் ஏற்கெனவே ஆள்கிற சொல். விறைப்புச் சமன்பாடு, விறைப்பு விகிதம், விறைப்பிலாச் சமன்பாடு, விறைப்புத் தீர்வி என்று எங்கு ஒட்டினாலும் ஒட்டுகிறது. வாயிற்காவலர் நினைவு வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். வரட்டுமே, வளைந்துகொடுக்காத பேர்வழிதானே!

அப்புறம் ஒரு எச்சரிக்கை. வில்லின் விறைப்பு மட்டும் கூடினால் வேகமான ஊசலாட்டம்தான் கிடைக்கும், அது அயோ கதை. பலமான தணிப்பும் சேர வேண்டும். அருஞ்சொல் விளக்கத்தில் இதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள். எடுத்துக்காட்டாக ராபர்ட்சன் 1966இல் தந்த மூன்று வேதிவினைகளைப் போடலாம். அவற்றின் வேக மாறிலிகள் 0.04, பத்தாயிரம், 3 கோடி.

முறைகளுக்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. வெளிப்படு சார்பு, உட்படு சார்பு என்று பள்ளியில் படித்ததுதான்: சாதாரண ஆய்லர் போன்றது வெளிப்படு (explicit) முறை, பின்னோக்கு ஆய்லர் போன்றது உட்படு (implicit) முறை. வகைக்கெழுச் சமன்பாட்டை இலங்கை நண்பர்கள் ‘வகையீட்டுச் சமன்பாடு’ என்பார்கள். இரண்டையும் பதிவில் காட்டிவிடலாம்.

கணிதவியலாளர் டால்க்விஸ்ட் 1963இல் வரையறுத்த ‘ஏ-நிலைப்பு’தான் (A-stability: தணியும் விடைகளில், படி எவ்வளவு நீளமானாலும் கணக்கு வெடிக்காத பண்பு) எனக்கு இன்னும் உறுத்துகிறது. அந்த ‘ஏ’யை அப்படியே விடலாமா? யாருக்காவது யோசனை இருந்தால் தனி இழையில் எழுதுங்கள்.