தூண்டில் ரீல்ல டிராக் (லைன் ஓடாம பிடிக்கிற பிரேக்) முழுசா இறுக்கியும் லைன் நழுவுது: ராடா, ரீலா, லைனா, எதை மாத்தணும்?

கரையோரன்
அவசரம். நாளை மறுநாள் விடியக்காலை படகுல போறோம். பாஸ் மீன் பிடிக்கன்னே போன மாசம் புது செட் வாங்கினேன். கடி நல்லா விழுது. சுண்டி இழுத்தா லைன் சர்ருன்னு வந்துடுது, முள் ஏறவே மாட்டேங்குது. நேத்து மட்டும் நாலு மீன் போச்சு. டிராக்கை இதுக்கு மேல இறுக்க முடியாது, விரல் வலிக்குது. ராட் போதலையா, ரீல் சின்னதா, லைன் மெலிசா? ஏதாவது ஒண்ணைத்தான் இப்போ மாத்த முடியும். எதைன்னு மட்டும் சொல்லுங்க.

புழுக்காரன்
ரீல் ஸ்பின்னிங்கா, பெய்ட்காஸ்டரா? ராடோட பவர் (விறைப்பு), ஆக்‌ஷன் (எந்த இடத்துல வளையுது) என்ன? என்ன லைன்? என்ன லூர் (போலி இரை), எத்தனை கிராம்?

கரையோரன்
ரீல் எல்லாரும் வச்சிருக்கிற மாதிரி சாதாரணமானதுதான். ராட் கருப்பு, 7 அடி. லைன் நல்ல லைன், 30 பவுண்டு தாங்கும்.

ஒத்தைமுள்
கருப்புன்னா கவலையே இல்ல 😄 தம்பி, கைப்பிடிக்குக் கொஞ்சம் மேல பொடி எழுத்துல அச்சடிச்சிருப்பாங்க. அதை அப்படியே இங்க எழுதுங்க.

நீர்மட்டம் (மூத்த உறுப்பினர்)
இதே கேள்விக்கு இங்கே பலமுறை விடை எழுதியாகிவிட்டது. தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. டிராக் என்பது உலோகத் தகடுகளும் கார்பன் வாஷர்களும் அடுக்கிய ஒரு பிரேக். வாஷரில் எண்ணெய் இறங்கினால் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. புது ரீல் வாங்கியவுடன் கண்ட இடத்திலெல்லாம் எண்ணெய் விடுவது ஆரம்பக்காரர்களின் வழக்கம். கழற்றித் துடைக்கவும். அவ்வளவே.

கரையோரன்
எண்ணெய் விடவே இல்ல சார்.
ராட்ல இருக்கிறது: மீடியம் ஹெவி, ஃபாஸ்ட், லூர் 7-28 கிராம், லைன் 10-20 பவுண்டு. ரீல் பெய்ட்காஸ்டர். போடுறது ரப்பர் புழு, டெக்சாஸ் ரிக், முன்னாடி 10 கிராம் ஈயம்.

தவளைராஜா
அதான் பார்த்தேன். டெக்சாஸ் ரிக்ல முள்முனை புழுவுக்குள்ள புதைஞ்சிருக்கும். முதல்ல புழுவைக் கிழிக்கணும், அப்புறம் மீன் தாடையில ஏறணும். மீடியம் ஹெவி அதுக்குப் பத்தாது, ஹெவி ராட் வாங்குங்க. நான் ரப்பர் தவளை லூருக்கு 7 அடி 3 அங்குல ஹெவி, 65 பவுண்டு பிரெய்டு (பின்னல் லைன்). பாசியோட சேர்த்துப் பிடுங்கிடுவேன்.

புழுக்காரன்
@தவளைராஜா பாசிக்காட்டுல தவளை இழுக்கிறதுக்கு அது சரி. 10 கிராம் புழுவுக்கு மீடியம் ஹெவி ஃபாஸ்ட்தான் எல்லாரும் வச்சிருக்கிறது. அவர் ராட்ல குறையே இல்ல. கிராங்க்பெய்ட்னு (மும்முள் தொங்குற மீன் வடிவ லூர்) சொல்லியிருந்தா வேற பேச்சு. மும்முள்ளுக்கு மாடரேட் ஆக்‌ஷன் வேணும், ராட் வளைஞ்சு கொடுக்கலைன்னா வாயைக் கிழிச்சுக்கிட்டுப் போயிடும்.

சுழல்
பெய்ட்காஸ்டரே வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது. 2500 சைஸ் ஸ்பின்னிங், 10 பவுண்டு பிரெய்டு, முன்னாடி 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர் (லூர் பக்கம் கட்டுற தனித் துண்டு). நூல் சிக்கலும் இல்ல, தலைவலியும் இல்ல.

ஒத்தைமுள்
அவர் நூல் சிக்குதுன்னு சொல்லவே இல்லையே.

சுழல்
இனிமே சிக்கும்.

அலைமகள்
கரையோரன், 30 பவுண்டுன்னு சொன்னீங்க, எந்த ரக லைன்னு சொல்லல. மோனோவா (ஒத்தை இழை நைலான்), ஃப்ளூரோவா, பிரெய்டா?

கரையோரன்
ரகம் தெரியல அண்ணே. பச்சை கலர். தைக்கிற நூல் மாதிரி மெத்துன்னு இருக்கும்.

அலைமகள்
அண்ணன் இல்ல, அக்கா. அது பிரெய்டு. நேரா ஸ்பூல்ல (லைன் சுத்துற உருளை) கட்டிச் சுத்தினீங்களா, அடியில டேப்போ கொஞ்சம் மோனோவோ வச்சீங்களா?

நீர்மட்டம் (மூத்த உறுப்பினர்)
மோனோ என்றும் பிரெய்டு என்றும் வேறுபாடு தெரியாமல் பெய்ட்காஸ்டர் வாங்கும் காலம் இது. தெளிந்த நீரில் பிரெய்டு போட்டால் மீன் பார்த்துவிட்டு ஓடும். ஃப்ளூரோகார்பன் நீரில் அறவே தெரியாது. அதற்கு மாறுவதே முறை.

புழுக்காரன்
சார், "அறவே தெரியாது" என்பது பெட்டி மேல எழுதுற வாசகம். ஒளிவிலகல் எண் தண்ணிக்கு 1.33, ஃப்ளூரோவுக்கு 1.42, நைலானுக்கு 1.53 பக்கம். நைலானை விடக் கம்மியாத் தெரியும், அவ்வளவுதான். தொட்டியில போட்டுப் பாருங்க, தெரியும்.

நீர்மட்டம் (மூத்த உறுப்பினர்)
நாம் தொட்டியில் மீன் பிடிப்பதில்லை.

தவளைராஜா
ஃப்ளூரோ தண்ணியில அமுங்கும். மேல்மட்டத்துல பாப்பர் (மிதக்கிற லூர்) போட்டா மூக்கைக் கீழ இழுத்துடும், பிரெய்டு மிதக்கும். மீனுக்கு லைன் தெரியுதா தெரியலையான்னு பார்த்துக்கிட்டிருந்தா தவளையே போட முடியாது.

சுழல்
ஃப்ளூரோ நல்லா இறங்கும், புழுவுக்கு அதான் சௌகரியம். ஆனா முடிச்சுப் போடும்போது எச்சில் தொட்டு ஈரமாக்கி மெதுவா இறுக்கணும். சூடேறினா அங்கேயே அறுந்துடும். இதைச் சொல்லாம ஃப்ளூரோ வாங்கச் சொல்றது பாவம்.

ஒத்தைமுள்
1932ல ஜார்ஜ் பெர்ரி அமெரிக்காவோட ஜார்ஜியாவுல 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ் பிடிச்சு உலக ரெக்கார்டு வச்சப்போ ஃப்ளூரோவும் இல்ல, இன்னைக்கு இருக்கிற பிரெய்டும் இல்ல.

புழுக்காரன்
நைலானே இல்ல. அது 1935லதான் ஆய்வுக்கூடத்துல பிறந்துச்சு.

தவளைராஜா
அந்த ரெக்கார்டை 2009ல ஜப்பான்காரர் குரிட்டா பிவா ஏரியில முறியடிச்சுட்டாரே.

ஒத்தைமுள்
முறியடிக்கல, சமம். குரிட்டாவோட மீன் 22 பவுண்டு 4.97 அவுன்ஸ். 25 பவுண்டுக்குள்ள இருக்கிற மீன்னா பழசை விடக் குறைஞ்சது 2 அவுன்ஸ் கூட இருக்கணும்னு விதி. ரெண்டு பேர் பேரும் சேர்ந்தேதான் இருக்கு.

தவளைராஜா
கூட இருந்தா கூடத்தான். தராசுக்கு விதி தெரியுமா?

அலைமகள்
ரெக்கார்டுக்குத் தனித் தலைப்பு போட்டுக்கோங்க. கரையோரன், கேட்டதுக்குப் பதில் வரலையே.

கரையோரன்
மன்னிக்கணும், வேலையில இருந்தேன். நேராத்தான் சுத்தினேன் அக்கா. டேப் எதுக்கு?

அலைமகள்
எதையும் வாங்காதீங்க. முதல்ல ஸ்பூல் விளிம்புல மார்க்கரால ஒரு கோடு போடுங்க. டிராக்கை இறுக்கி வச்சே, கையில துணியைச் சுத்திக்கிட்டு (பிரெய்டு விரலை அறுக்கும்) யாரையாவது லைனை இழுக்கச் சொல்லிட்டு நீங்க கோட்டைப் பாருங்க.

லைன் வருது, கோடு அசையலைன்னா லைன் கட்டு முழுசும் ஸ்பூல் மேல வழுக்குது. பிரெய்டு வழவழப்பானது, மோனோ மாதிரி நீண்டு கொடுத்து ஸ்பூலைக் கவ்வாது. அப்போ நீங்க டிராக்கை எவ்வளவு முறுக்கினாலும் ஸ்பூலைத்தான் நிறுத்துறீங்க, அது மேல இருக்கிற லைனை இல்ல. கோடு சுத்துது, கைப்பிடி சும்மா நிக்குதுன்னா டிராக் கோளாறு, நீர்மட்டம் சார் சொன்ன வாஷரைப் பாருங்க. கைப்பிடியும் சேர்ந்து பின்னாடி சுத்தினா பின்சுழற்சியைத் தடுக்கிற பேரிங் போச்சு.

வழுக்கல்தான்னா லைனை முழுசா உருவி, ஸ்பூல்ல ஒரு சுத்து இன்சுலேஷன் டேப் ஒட்டி, 10 மீட்டர் அளவுக்கு மோனோ கட்டி, இரட்டை யூனி முடிச்சுல பிரெய்டைச் சேருங்க. ஈரத்துணியில அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இறுக்கமா சுத்துங்க, தளர்வா இருந்தா மேல் சுத்து அடியில புதையும். பிரெய்டைத் தலைகீழாத் திருப்பிச் சுத்தினா இதுவரை தண்ணி பார்க்காத முனை மேல வந்துடும்.

இன்னொண்ணு. சரியான உடனே டிராக்கைத் தளர்த்துங்க. இவ்வளவு நாள் வழுக்கலே உங்களுக்கு டிராக்கா இருந்துச்சு. இனிமே பிரெய்டும் நீளாது, ஸ்பூலும் விடாது. லைன் தாங்குற எடையில நாலுல ஒரு பங்கு போதும், 30 பவுண்டுக்கு 7, 8. கைத்தராசை மாட்டி இழுத்துப் பார்த்து வைக்கலாம்.

நீர்மட்டம் (மூத்த உறுப்பினர்)
நானும் இதையே சொல்ல வந்தேன். ராடில் 20 பவுண்டு வரைதான் என்று அச்சிட்டிருக்க 30 பவுண்டு போட்டதையும் யாரும் கவனிக்கவில்லை.

புழுக்காரன்
சொல்ல வந்து வாஷர்ல இறங்கிட்டீங்க 😄 அந்த 20 பெரும்பாலும் மோனோ கணக்கு சார். 30 பவுண்டு பிரெய்டு அதை விட மெலிசு. டிராக்கை ஒழுங்கா வச்சா ராடுக்கு ஒண்ணும் ஆகாது.

சுழல்
ஸ்பின்னிங்லயும் டேப் ஒட்டாம பிரெய்டு சுத்தினா இதே கதிதான். சொல்லிட்டேன், அப்புறம் என்னைக் கேக்காதீங்க.

கரையோரன்
கோடு அசையல. லைன் மட்டும் வருது. ராத்திரியே மாத்திடுறேன்.

ஒத்தைமுள்
போயிட்டு வந்து சொல்லுங்க தம்பி.

*(மூன்று நாள் கழித்து)*

கரையோரன்
டேப் ஒட்டினேன். பாறை மாதிரி நிக்குது. ரெண்டு மீன் ஏறிச்சு. மூணாவது பெருசு, முள்ளை நிமித்திட்டுப் போயிடுச்சு. இன்னும் தடிச்ச முள் வாங்கணும்போல. நன்றி அக்கா.

அலைமகள்
டிராக்கைத் தளர்த்தினீங்களா?

அலைமகள்
கரையோரன்?