கேலிப்பர் வேலை முடிந்தும் இறுகாத பிரேக் பெடல்

முன்சக்கர கேலிப்பர் (பிரேக் டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) இரண்டுக்கும் சீல் மாற்றி எடுத்து வந்ததிலிருந்து எங்கள் காரின் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம், ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத பழைய வண்டி. மிதித்தால் பாதித் தூரம் சும்மா போகும், அப்புறம்தான் பிடிக்கும். தொடர்ந்து பம்ப் அடித்தால் பெடல் மேலே வந்து இறுகும். கொஞ்ச நேரம் விட்டு மிதித்தால் பழைய கதைதான்.

வேலை பார்த்த கடையில் மறுபடி ஏர் எடுத்தார்கள், அதாவது பிரேக் ஆயிலில் மாட்டிய காற்றை வெளியேற்றினார்கள். மாற்றமில்லை. "மாஸ்டர் சிலிண்டர் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். பெடல் இறங்கினாலே மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை ஆயில் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்பும் பாகம்) என்று சொல்வது எல்லா ஊரிலும் நடக்கிறது. ஆனால் பெடல் இறங்குவதில் பல வகை உண்டு. பணம் கட்டுவதற்கு முன் எந்த வகை என்று பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு அடிக்கடி போய்வரும் வண்டி இது. ஆழியாறுக்கு மேலே இருக்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இந்தப் பெடலை நம்பி இறங்க முடியாது.

சித்தப்பாவுக்குப் பழக்கமான மூத்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டினோம். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஒரே அழுத்தமாக மிதித்தபடி உட்கார்ந்திருந்தார். "கீழ நிக்குது, ஆனா நின்ன எடத்துலயே நிக்குது பாருங்க தம்பி" என்றார். மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் தேய்ந்திருந்தால், காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இருக்கும்போது பெடல் மெதுவாக அடிவரை இறங்கிக்கொண்டே போகும். எங்காவது ஆயில் கசிந்தாலும் அப்படித்தான். எங்கள் பெடல் அப்படி நகரவில்லை. ஆகவே மாஸ்டர் சிலிண்டர் மேல் இருந்த சந்தேகம் பெரும்பாலும் போய்விட்டது.

அடுத்து ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு மிதித்துப் பார்த்தார். பின் டிரம்மில் ஷூவுக்கும் (டிரம்மின் உட்புறம் உரசிப் பிடிக்கும் கட்டை) டிரம்முக்கும் இடைவெளி கூடியிருந்தால், ஹேண்ட் பிரேக் போட்டதும் பெடல் உயரம் கூடும். அப்போது ஷூவை அட்ஜஸ்ட் செய்தாலே போதும். எங்களுக்கு அதிலும் வித்தியாசம் தெரியவில்லை.

பிறகுதான் கிளாம்ப்களை எடுத்தார். சக்கரங்களுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் ஒவ்வொன்றையும் வழுவழுப்பான வாய் உள்ள கிளாம்பால் நெரித்துவிட்டு மிதித்தால், பெடல் கல்லாக நின்றது. மாஸ்டர் சிலிண்டர் நல்லது என்பது அதோடு உறுதியானது. பின்பக்கக் கிளாம்பை விட்டபோதும் அப்படியே நின்றது. முன்பக்கம் ஒரு பக்கத்தை விட்டதும் பெடல் இறங்கியது, அடுத்ததை விட்டதும் இன்னும் இறங்கியது. இதைச் சாதாரணக் கொறடு வைத்துச் செய்யாதீர்கள். பழைய ஹோஸின் உட்சுவர் கிழிந்தால் அது வேறு பிரச்சினை.

முன்சக்கரத்தைக் கழற்றியதும் அவர் கையால் தொட்டுக் காட்டியது ஏர் எடுக்கும் நிப்பிளை. அது கேலிப்பரின் அடிப்பக்கம் இருந்தது. மறுபக்கமும் அப்படியே. இடது கேலிப்பரும் வலது கேலிப்பரும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், மாற்றிப் போட்டாலும் போல்ட் சரியாக ஏறிவிடும். ஆனால் மேலே இருக்க வேண்டிய நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலே தங்கும், நிப்பிள் வழியாக வெறும் ஆயில்தான் வெளியே வரும். எத்தனை லிட்டர் ஊற்றி ஏர் எடுத்தாலும் அந்தக் காற்று அங்கேயேதான் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றிக் கழுவி வைத்த இடத்தில் மாறியிருக்க வேண்டும்.

கேலிப்பர்களை இடம் மாற்றி, ஹோஸ் போல்ட்டுக்குப் புது செம்பு வாஷர் போட்டு, ஆயில் டப்பாவின் மூடியில் எழுதியிருந்தபடி டாட் 3 என்ற தர பிரேக் ஆயில் ஊற்றினோம். தங்கை பெடலில். மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு நிப்பிளைத் தளர்த்துவது, ஆயில் வந்ததும் இறுக்குவது, அதற்குப் பிறகே காலை எடுக்கச் சொல்வது. இந்த வரிசை மாறினால் காற்று திரும்ப உள்ளே போகும். கண்ணாடிக் குழாயில் முதலில் பழுப்பாக ஆயில் வந்தது, அப்புறம் விரல் நீளத்துக்கு வெறும் காற்று, அதன் பின்னால் சின்னக் குமிழிகள், கடைசியில் தெளிந்த ஆயில். டப்பாவில் ஆயில் மட்டம் இறங்காமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயிண்டை அரித்துவிடும். இப்போது பெடல் மேலேயே பிடிக்கிறது.

மலைப்பாதையில் போகிறவர்களுக்கு இன்னொன்று. என் மச்சான் கொல்லிமலையின் 70 வளைவுகளில் காரவள்ளிப் பக்கம் இறங்கும்போது பெடல் அடியோடு போய்விட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நிறுத்தியிருக்கிறார். வண்டி ஆறியதும் பெடல் தானாகத் திரும்ப வந்தது. வந்துவிட்டதே என்று பலர் அப்படியே ஓட்டுவார்கள், எனக்கு அதுதான் பயம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 140 தான். டாட் 4-க்கு 230, 155. தொடர்ந்து பிரேக் மிதித்து இறங்கினால் கேலிப்பருக்குள் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவியாகும், ஆவி அமுங்கும், பெடலுக்குப் பிடிமானம் போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். பாதி காலியாகித் திறந்தே கிடக்கும் டின்னில் இருந்து ஊற்ற விடாதீர்கள்.

ஏபிஎஸ் வண்டியில் காற்று அதன் யூனிட்டுக்குள் மாட்டிக்கொண்டால் பெடலை மிதித்து மட்டும் வெளியேற்ற முடியாமல் போகலாம், ஸ்கேனர் வைத்து அதன் வால்வுகளை இயக்க வேண்டியிருக்கும். பழைய வண்டி என்றால், ஏர் எடுக்கும்போது பெடலை அடிவரை மிதிக்காமல் கீழே ஒரு மரத்துண்டு வையுங்கள். மாஸ்டர் சிலிண்டரில் சீல் வழக்கமாகப் போகாத பகுதியில் துரு இருக்கும், அதில் உரசினால் நன்றாக இருந்த சீலும் கிழியும்.