குறுக்கு அட்டவணையா, ஊடுபாவு அட்டவணையா?

கத்ர் போர்னிலிருந்து, திங்கள்

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு ஒரு சொல் வேண்டும்.

என் தமிழ் வகுப்பில் மொரீஷியஸின் 2000, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளைப் பிள்ளைகளே இணையத்தில் தேடி ஒப்பிடுகிறார்கள். தமிழில் தேடினால் ஒன்றும் அகப்படுவதில்லை. ஆங்கிலத்தில் தேடினால் ஒன்றுக்கு மூன்றாக வந்து நிற்கிறது. நம் நாட்டுக் கணக்கில் தமிழ் என்பது சமயப் பட்டியலில் ஒரு வரி, முன்னோர் மொழிப் பட்டியலில் ஒரு வரி, வீட்டு மொழிப் பட்டியலில் இன்னொரு வரி. போன வாரம் ஒரு பையன் 2000க்குச் சமய வரியையும் 2011க்கு வீட்டு மொழி வரியையும் எடுத்துவிட்டு, தமிழ் பேசுபவர்கள் பதினோரு ஆண்டில் காணாமல் போய்விட்டதாக எழுதிக்கொண்டு வந்தான். முகம் வாடியிருந்தது.

சமயத்தை இடப்பக்கமும் வீட்டு மொழியை மேலேயும் வைத்து, இரண்டும் சந்திக்கும் கட்டங்களில் ஆட்களை எண்ணும் பட்டியலைக் காட்டினால் அவனுக்குப் புரியும். அந்தக் க்ராஸ் டாபுலேஷனைத் தமிழில் என்ன சொல்வது?

ரோஸ் ஹில்லிலிருந்து

குறுக்கு அட்டவணை. குறுக்கெழுத்துப் போட்டி தெரிந்த பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம்.

போர்ட் லூயிஸிலிருந்து

ஐயா, அட்டவணை மராட்டியிலிருந்து வந்த சொல் என்று சென்னைப் பல்கலைக்கழக அகராதியே சொல்கிறது. 'குறுக்கு' என்றாலே குறுக்கு வழியும் குறுக்குப் புத்தியும்தான் நினைவுக்கு வருகின்றன. நம் இலக்கணத்தில் நிரல்நிறைப் பொருள்கோள் இருக்கிறதே! அன்பும் அறனும் ஒரு வரிசை, பண்பும் பயனும் இன்னொரு வரிசை. 'நிரல்நிறைப் பட்டி' என்று வைக்கலாம்.

டர்பனிலிருந்து

நிரல்நிறை பொருந்தாது. அங்கே அன்புக்குப் பண்பு, அறனுக்குப் பயன் என்று ஒன்றுக்கு ஒன்றுதான். இந்தப் பட்டியலில் ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் சந்திக்கிறது. எங்கள் தென்னாப்பிரிக்கப் புள்ளியியல் துறையான ஸ்டாட்ஸ் எஸ்ஏ தளத்தில் சூப்பர்வெப் என்ற கருவி உண்டு. ஒரு கேள்வியை இழுத்து வரிசையில் விடுவோம், இன்னொன்றைப் பத்தியில் விடுவோம், கட்டங்கள் தாமாக நிரம்பும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தறிதான் தோன்றும். நெடுக ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடு. ஒவ்வோர் ஊடு நூலும் எல்லாப் பாவு நூலையும் கடக்கிறது. ஆகவே, ஊடுபாவு அட்டவணை.

ஆனால் தறி இருந்தும் நூல் இல்லாத நிலை எங்களுக்கு. 2001, 2011 கணக்கெடுப்புகளின் வீட்டு மொழிப் பட்டியலில் ஆட்சி மொழிகளுக்குத் தனித்தனி வரி. தமிழ் 'பிற' என்பதற்குள் போய்விட்டது. 2022 கணக்கெடுப்பில் 31 விழுக்காட்டினர் விடுபட்டு, மதிப்பீட்டால் ஈடுகட்டினார்கள். ஆண்டுகளை ஒப்பிடுமுன் இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அக்கா.

சென் தெனியிலிருந்து

பிரெஞ்சு ஆட்சியில் உள்ள எங்கள் ரெயூனியன் தீவில் அந்த 'பிற'வும் கிடையாது. பிரெஞ்சுக் கணக்கெடுப்பு சமயத்தையும் இனத்தையும் கேட்பதே இல்லை. பிரெஞ்சுப் புள்ளியியல் நிறுவனமான இன்ஸே தளத்தில் எப்படித் தேடினாலும் வயது, தொழில், வீடு, பிறந்த இடம் என்றுதான் வரும். அதிலும் 2004 முதல் பத்தாயிரம் பேருக்குக் குறைந்த ஊர்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை முழுதாக எண்ணுகிறார்கள். பெரிய ஊர்களில் ஆண்டுதோறும் ஒரு பகுதி வீடுகளை மட்டும். ஒரே நாளில் எடுத்த கணக்கோடு அதை அப்படியே ஒப்பிட முடியாது. உங்கள் பையனுக்கு எண்ண ஒரு வரியாவது இருக்கிறது. சொல் எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

போர்ட் லூயிஸிலிருந்து

நிரல்நிறையை விட்டுவிடுகிறேன், டர்பன் ஐயா சொல்வது சரி. ஆனால் 'அட்டவணை'யை ஏற்க மாட்டேன். 'ஊடுபாவுப் பட்டியல்' என்போம்.

ரோஸ் ஹில்லிலிருந்து

பட்டியல் என்றால் மளிகைக் கடைச் சீட்டு மாதிரி மேலிருந்து கீழே ஒரே வரிசை. கட்டம் எங்கே? அட்டவணை தஞ்சைக்கு வந்து எத்தனை தலைமுறை ஆயிற்று! நம் தீவில் மராட்டியரும் நம் அண்டை வீட்டார்தான். அப்புறம், தறியை நேரில் பார்த்த பிள்ளை உங்கள் வகுப்பில் எத்தனை பேர்? கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் பாட்டன் பூட்டனோடு தறிச் சொற்களும் போய்விட்டன. ஊடு என்றால் ஊடல் என்று எழுதுவார்கள்.

டர்பனிலிருந்து

போன சொற்களைத் திரும்பக் கொண்டுவர வேறு எந்த இடம் இருக்கிறது, அண்ணா?

கத்ர் போர்னிலிருந்து, வியாழன்

தனியஞ்சலிலும் எழுதியவர்களைச் சேர்த்து எண்ணினேன். 'குறுக்கு'க்கு ஏழு பேர், 'ஊடுபாவு'க்கு நான்கு பேர். கைத்தாளில் 'குறுக்கு அட்டவணை' என்றே அச்சடித்துவிட்டேன். பயிற்சிக்குப் போஜ்புரியை எடுத்திருக்கிறேன். வீட்டு மொழியாக அதைச் சொன்னவர்கள் 2000இல் சுமார் 12 விழுக்காடு, 2011இல் சுமார் 5. இரண்டும் ஒரே கேள்விக்கு வந்த விடைகள். அதை முதலில் செய்துவிட்டுத் தமிழுக்கு வருவோம்.

டர்பனிலிருந்து

நன்று, அக்கா. என் மறுப்பு மட்டும் குழுவில் இருக்கட்டும்: குறுக்கு என்பது ஊடு நூலை மட்டும்தான் சொல்கிறது. பாவுக்கு அதில் இடமில்லை.